காருக்கு 3,80,000 ரூபாயை கிரெடிட் கார்டில் தேய்க்கலாமா? மதுரைக்காரர்கள் சொல்லுங்கள்

ஒத்தக்கடைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஒத்தக்கடையில் ஜெராக்ஸ், ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக டூவீலர்தான். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம், மாதம் ஒரு தடவையாவது போயாக வேண்டும், ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து ஆரப்பாளையம், அங்கிருந்து உசிலம்பட்டி பஸ் என்று மூன்று வண்டி ஏறி இறங்கி அவர்கள் படுகிற பாட்டை இனிமேல் பார்க்க முடியாது. அதனால் சின்னதாக ஒரு பெட்ரோல் கார் எடுப்பது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. ஆடியில் புக் பண்ணி ஆவணி முதல் முகூர்த்தத்தில் டெலிவரி எடுக்கலாம் என்று பேச்சு.

கொட்டேஷன் கையில் இருக்கிறது. எக்ஸ் ஷோரூம் 7,80,000. ஆயுள் வரி 13 சதவீதம், அது 1,01,400. இன்சூரன்ஸ் 36,000. ரிஜிஸ்ட்ரேஷன், ஃபாஸ்டேக், மேட், சீட் கவர் அது இது என்று 12,600. ஆக ஆன்ரோடு 9,30,000.

என்னிடம் பேங்கில் 5,50,000 இருக்கிறது. துண்டு விழுவது 3,80,000. இரண்டு கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன், ஒன்றில் லிமிட் 2,50,000, இன்னொன்றில் 1,75,000. மாமா பையன் சொல்கிறான், லோன் எல்லாம் எதற்கு, இரண்டு கார்டிலும் தேய்த்துவிடு, 45 நாள் வட்டி கிடையாது, பாயிண்ட் வேறு கிடைக்கும், அதற்குள் சீட்டு எடுத்துக் கட்டிவிடு என்று. எனக்கு 2 லட்ச ரூபாய் சீட்டு ஒன்று ஓடுகிறது, புரட்டாசியில் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சீட்டுக்கு மேல் வருகிற பாக்கியை இஎம்ஐயாக மாற்றிவிடலாம், கார்டு பேங்கிலிருந்து மாதம் 1.25 சதவீதம் என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. மாதம் ஒன்றேகால் சதவீதம் என்றால் குறைவாகத்தானே தெரிகிறது?

ஷோரூமில் கேட்டதற்கு 1 லட்சம் வரை கார்டில் சும்மா எடுத்துக்கொள்வோம், அதற்கு மேல் போனால் மொத்தத் தொகைக்கும் 2 சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் நீங்கள் தர வேண்டும் என்கிறார்கள். அப்படி வாங்கலாமா? யாராவது இப்படிக் கார்டில் கார் எடுத்திருக்கிறீர்களா? நல்லது கெட்டது தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வருகிற வியாழக்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

பில்லிங்_கவுண்டர்

தம்பி, நான் மதுரையில் ஒரு ஷோரூமில் ஆறு வருடம் கேஷ் கவுண்டரில் இருந்தவன், இப்போது வேறு வேலை. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 2 சதவீதம் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் கார்டைத் தேய்த்தால் கடைக்காரருக்கு முழுப் பணமும் வராது. மெஷின் கொடுத்த பேங்க் ஒரு கட்டணம் பிடித்துக்கொண்டுதான் மீதியைப் போடும், கிரெடிட் கார்டுக்கு அது ஏறக்குறைய ஒன்றரையிலிருந்து இரண்டு இரண்டரை சதவீதம் வரை வரும், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஜவுளிக்கடைக்காரர் லாபத்தில் அதைத் தாங்கிக்கொள்வார். கார் டீலருக்கு ஒரு வண்டியில் நிற்கும் பணமே சொற்பம், அதிலும் ஆடித் தள்ளுபடி கொடுத்த பிறகு இன்னும் இளைத்துப்போகும். அதனால்தான் புக்கிங் தொகையையோ ஒரு லட்சத்தையோ கார்டில் வாங்கிக்கொண்டு அதோடு நிறுத்தப் பார்க்கிறார்கள். டெபிட் கார்டுக்கு இப்படிக் கூடுதலாக வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. யாராவது டெபிட் கார்டுக்கும் 2 சதவீதம் கேட்டால் கொடுக்காதீர்கள். கிரெடிட் கார்டுக்குக் கேட்பது ஊர் முழுக்க நடக்கிறது. உங்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள், அந்த மட்டில் நல்லது.

இப்போது கணக்கு. 3,80,000-க்கு 2 சதவீதம் 7,600. அதற்கு ஜிஎஸ்டி 1,368. மொத்தம் 8,968. பாயிண்ட் எவ்வளவு வரும்? உங்கள் கார்டு சாதாரணக் கார்டு என்றால் 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 25 பைசா, அந்த மாதிரிதான் இருக்கும். 3,80,000-க்கு 3,800 பாயிண்ட், அதாவது 950 ரூபாய். 950 ரூபாய்க்காக 8,968 கொடுப்பீர்களா? மாமா பையனிடம் இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் சொல்வது 1 லட்சத்துக்குள் நிற்கிறவரை சரி, அதைத் தாண்டினால் சரியில்லை.

அடுத்தது, டெலிவரி அன்று நடப்பது. இது நான் நேரில் பார்த்தது, இன்றைக்கும் நினைத்தால் மனசு கஷ்டப்படும். ஒரு குடும்பம், பெரியவர், அவர் மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். வண்டிக்கு மல்லிகைப்பூ மாலை போட்டாயிற்று, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, அந்த அம்மா கையில் தேங்காயும் கற்பூரத்தட்டும். பாக்கி 1,80,000, மகன் கார்டில் தருகிறேன் என்று தேய்க்கிறார், டிக்ளைன்டு என்று சீட்டு வருகிறது. இன்னொரு தடவை, மறுபடியும் டிக்ளைன்டு. மூன்றாவது தடவை கார்டையே பேங்க் நிறுத்திவிட்டது. லிமிட் இருக்கிறது, ஆனால் அந்தக் கார்டில் அதற்கு முன் பெட்ரோலும் மளிகையும்தான் போட்டிருக்கிறார்கள், திடீரென்று ஒன்றே முக்கால் லட்சத்துக்கு மேல் போனதும் பேங்க் சிஸ்டம் திருட்டுக் கார்டோ என்று தடுத்துவிட்டது. கஸ்டமர் கேரில் ஆளைப் பிடித்து, பிறந்த தேதி அது இது சொல்லி, சரியாவதற்கு ஒன்றரை மணி நேரம். அதற்குள் நல்ல நேரம் முடிந்து ராகுகாலம் வந்துவிட்டது, அந்தப் பெரியவர் ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். ஆகவே கார்டில் எவ்வளவு தேய்ப்பதாக இருந்தாலும், ஆப்பில் கடையில் தேய்க்கும் தினசரி லிமிட் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று முதல் நாளே பாருங்கள், பேங்குக்குப் போன் செய்து நாளைக்கு இவ்வளவு தேய்க்கப்போகிறேன் என்று சொல்லிவையுங்கள், முடிந்தால் டெலிவரிக்கு இரண்டு நாள் முன்பே பணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று மறந்துவிட்டேன். பணம் எதுவானாலும் கம்பெனி அக்கவுண்டுக்கு மட்டும். சேல்ஸ் பையன் நல்லவனாகவே இருக்கட்டும், அவனுடைய போன் நம்பருக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள்.

உசிலை_மீனாட்சி

தம்பி, அம்மாவுக்காக எடுக்கிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. அதனால்தான் எங்கள் வீட்டில் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு செகண்ட்ஹேண்ட் கார் எடுத்தோம். பழைய வண்டிக்கு லோன் வட்டி கூட, அலைய வைக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் 1,60,000 ரூபாயை கிரெடிட் கார்டில் போட்டுவிட்டார். இரண்டு மாதத்தில் ஒரு நிலம் விற்ற பணம் வருவதாக இருந்தது. வரவில்லை, பத்திரத்தில் ஒரு சிக்கல். பில்லில் மினிமம் ட்யூ என்று ஒரு தொகை போட்டிருந்தது, 8,000 சொச்சம். அதைக் கட்டினால் போதும் போல, அபராதம் இல்லை என்று மாதாமாதம் அதைக் கட்டிக்கொண்டே வந்தோம். நானே கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன் ஞாபகப்படுத்திக் கட்டச் சொல்வேன், ஒரு மாதம் கூடத் தவறவில்லை.

பதினாலு மாதம் கழித்து ஒருநாள் நோட்டை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். கட்டியது 1,08,000-க்கும் மேல். பாக்கி எவ்வளவு தெரியுமா, 1,37,000-க்கும் மேல். ஒரு லட்சத்துக்கு மேல் கட்டியும் அசலில் இருபத்து மூவாயிரம்கூடக் குறையவில்லை. மாதம் மூன்றரை வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, இரண்டும் சேர்ந்து நாலு ரூபாய் வட்டிக்கு மேல் ஆகிவிடுகிறது. எங்கள் ஊரில் மூன்று வட்டிக்கு விடுகிறவரைக் கண்டாலே பயப்படுவோம், அதைவிடக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், கையெழுத்து கூடப் போடாமல். கடைசியில் என் அம்மா போட்ட ஐந்து பவுன் வளையலை பேங்கில் வைத்துத்தான் அதை அடைத்தோம். நகைக்கடன் வட்டி அதில் கால்வாசிதான், முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

உங்கள் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 3,80,000-க்கு மினிமம் 5 சதவீதம் 19,000. அதில் வட்டியும் வரியும் மட்டும் 15,700 கிட்டப் போய்விடும். 3,300 ரூபாய்தான் அசலுக்கு. இந்த 19,000 இருந்தால் கார் லோன் இரண்டு வருடத்தில் முடிந்தே போகும். சீட்டுப் பணத்தை நம்பிப் பெரிய தொகையைத் தேய்க்காதீர்கள் தம்பி, உங்களுக்கு முன்னால் இரண்டு பேர் அவசரம் என்று தள்ளி எடுத்தால் புரட்டாசி தை ஆகிவிடும்.

மேலூர்_வாத்தியார்

நான் வேறு ஒரு பக்கத்தைச் சொல்கிறேன், எல்லோரும் கார்டைத் திட்டுவதால். புக்கிங் தொகைக்குக் கார்டு நல்லது. அனுபவித்துச் சொல்கிறேன்.

போன வருடம் ஒரு ஷோரூமில் 25,000 கார்டில் கொடுத்து புக் பண்ணினேன். ஆறு வாரத்தில் வண்டி என்றார்கள். ஆறு வாரம் பன்னிரண்டு ஆனது, கலர் இல்லை என்றார்கள், அப்புறம் வேரியண்ட் இல்லை, கூட 40,000 போட்டு மேல் மாடல் எடுங்கள் என்றார்கள். வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்று மெயில் அனுப்பினேன். சரி என்று பதில் வந்தது, பணம் வரவில்லை. போனால் மேனேஜர் லீவு, மேனேஜர் மீட்டிங். நான்கு தடவை மேலூரிலிருந்து மதுரைக்கு அரைநாள் லீவு போட்டுப் போய் வந்தேன். கடைசியில் செக் தருகிறோம், 45 நாள் ஆகும் என்றார்கள்.

அப்போதுதான் கார்டு பேங்கில் டிஸ்ப்யூட் போடலாம் என்று உடன் வேலை செய்யும் சார் சொன்னார். புக்கிங் ரசீது, நான் அனுப்பிய ரத்து மெயில், அவர்கள் சரி என்று போட்ட பதில், மூன்றையும் இணைத்து பேங்குக்கு அனுப்பினேன். சேவை கிடைக்கவில்லை, ரத்தும் ஒப்புக்கொள்ளப்பட்டது, பணம் திரும்பவில்லை என்று மூன்றே வரி. என் பேங்க், ஷோரூம்காரருடைய பேங்கைக் கேட்டது, அவர்களால் எதுவும் காட்ட முடியவில்லை, ஒரு மாதத்துக்குள் 25,000 கார்டிலேயே திரும்ப வந்துவிட்டது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன். இப்படிப் போட்ட புகாருக்கு உங்கள் பேங்க் 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் அல்லது சரியில்லாத பதில் சொன்னால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பு அதிகாரியிடம், ஆன்லைனிலேயே போகலாம், 2021-லிருந்து எல்லா பேங்குக்கும் ஒரே திட்டம், கட்டணம் கிடையாது. எனக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

ஒன்று மட்டும் கவனம். டிஸ்ப்யூட் நடக்கும்போது பில்லில் மற்ற தொகையைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். நான் பள்ளிக்கூட பரீட்சை மும்முரத்தில் ஒரு மாதம் தாமதமாகக் கட்டி லேட் ஃபீஸ் கட்ட வேண்டியதாயிற்று.

ஒத்தக்கடைக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மீனாட்சி அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் உடனே கார்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துவிட்டாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, கடையில் தினமும் வருகிற ரொக்கம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, வீட்டில் அம்மா வைத்திருப்பதையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வரும் (மேலே சொன்ன 5,50,000-க்குள் இதையும் சேர்த்துத்தான் சொன்னேன், பேங்கில் போடப்போகிறேன்). அதை நேராக ஷோரூமில் ரொக்கமாகவே கொடுத்துவிட்டால் என்ன? இரண்டு, மாமா பையன் தன் கார்டையும் தருகிறேன் என்கிறான், அவன் லிமிட் பெரியது.

அப்புறம் அந்த 1.25 சதவீத இஎம்ஐ பற்றி யாரும் சொல்லவில்லையே.

பழங்காநத்தம்_ஓய்வு

நான் பேங்கில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதில் ஒன்பது வருடம் கடன் பிரிவில். வரிசையாகச் சொல்கிறேன்.

ரொக்கம்: ஒரு விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2017 ஏப்ரல் முதல் இருக்கிறது. இன்று ஒரு லட்சம், நாளை ஒன்றரை லட்சம் என்று பிரித்தாலும் ஒரே காருக்கு என்றால் ஒரே கணக்குதான். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அது வாங்கியவருக்கு. அதனால் ஒழுங்கான ஷோரூம் உங்களிடம் வாங்காது. கடைப் பணம் கடைக் கணக்கில் வந்ததாக இருந்தால் பேங்கில் போட்டு ஆர்டிஜிஎஸ் (பெரிய தொகையை பேங்கிலிருந்து பேங்குக்கு உடனே அனுப்புகிற முறை) பண்ணுங்கள், 2 லட்சத்துக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்பலாம், 2020 டிசம்பரிலிருந்து இரவு பகல் ஞாயிறு எல்லா நேரமும் வேலை செய்கிறது. அனுப்புமுன் அக்கவுண்ட் நம்பரையும் ஐஎஃப்எஸ்சியையும் (பேங்க் கிளையின் குறியீடு) போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும், இந்த வசதி 2025 ஏப்ரலில் வந்தது. ஷோரூம் கம்பெனிப் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.

மாமா பையன் கார்டு: வேண்டாம். பெரும்பாலான ஷோரூமில் வண்டி யார் பெயரிலோ அவர் கார்டு அல்லது வீட்டு ஆள் கார்டு என்றுதான் கேட்பார்கள். அதோடு ஒருவர் ஒரு வருடத்தில் கார்டு பில் 10 லட்சத்துக்கு மேல் கட்டினால் பேங்க் அதை வருமான வரித் துறைக்குச் சொல்லியாக வேண்டும். ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்துக்கே சொல்ல வேண்டும். சொன்னதால் உடனே நோட்டீஸ் வந்துவிடாது, ஆனால் அவர் காட்டும் வருமானத்துக்கும் அதற்கும் பொருந்த வேண்டும். உங்கள் காருக்காக அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சொந்தத்துக்குள் கடன் கசந்து போனால் தீபாவளிக்கு முகம் பார்க்க முடியாது.

இனி இஎம்ஐ. மாதம் 1.25 என்றால் வருடத்துக்கு 15 சதவீதம். 3,80,000-ஐ 24 மாதம் போட்டால் மாதம் 18,425 வரும். மொத்த வட்டி 62,200 கிட்ட. இதோடு முடியவில்லை, கிரெடிட் கார்டு இஎம்ஐ வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 11,200. ஆக 73,400. மேலே பில்லிங் கவுண்டர் தம்பி சொன்ன 8,968-ஐச் சேருங்கள், 82,000-க்கு மேல் போகிறது, இன்னும் ப்ராசஸிங் ஃபீஸ் சேர்க்கவில்லை. அதே 3,80,000-க்கு 9.25 சதவீதத்தில் கார் லோன் என்று வையுங்கள், மாதம் 17,400 சொச்சம், மொத்த வட்டி 37,700 கிட்ட. கார் லோன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. ப்ராசஸிங், ஸ்டாம்ப் என்று மூவாயிரம் நாலாயிரம் போனாலும் 40,000 ரூபாய் உங்களுக்கு மிச்சம். அம்மாவை இரண்டு வருடம் ஊருக்குக் கூட்டிப் போய் வருகிற பெட்ரோல் செலவு அதில் வந்துவிடும். அதோடு கார்டில் இஎம்ஐ போட்டால் அந்தத் தொகை அடையும்வரை லிமிட்டைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், ஆஸ்பத்திரி அவசரம் என்றால் கார்டு உதவாது. லிமிட்டில் 90 சதவீதம் பயன்படுத்தியவர் என்று சிபில் ஸ்கோரும் (கடன் தருமுன் பேங்க் பார்க்கிற மதிப்பெண்) இறங்கும், அடுத்து வீட்டுக்கடன் கேட்கிற எண்ணம் இருந்தால் அதையும் யோசியுங்கள்.

45 நாள் வட்டி இல்லை என்பது எல்லா நாளும் கிடைக்காது. உங்கள் ஸ்டேட்மெண்ட் 12-ம் தேதி போடுகிறார்கள் என்று வைப்போம், கட்ட 20 நாள் தருகிறார்கள். 13-ம் தேதி தேய்த்தால் ஏறக்குறைய 50 நாள் கிடைக்கும். 11-ம் தேதி தேய்த்தால் 21 நாள்தான். முழுத்தொகையைக் கட்டாமல் கொஞ்சம் பாக்கி வைத்தால், வட்டியைக் கடைசித் தேதியிலிருந்து போட மாட்டார்கள், தேய்த்த நாளிலிருந்தே போடுவார்கள், அடுத்து வாங்குகிற மளிகைக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். கார்டு வட்டிக்கு உச்சவரம்பு இருக்கிறது என்று சிலர் இன்னும் நம்புகிறார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சொன்னது உண்மைதான், உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அதை ரத்து செய்துவிட்டது. வருடம் 42, 45 என்று போட்டால் கேட்க வழியில்லை.

என் யோசனை. ஷோரூம் சும்மா வாங்குகிற 1 லட்சத்தை மட்டும் கார்டில் தேயுங்கள், ஆனால் அந்த 1 லட்சம் இன்றே உங்கள் பேங்கில் இருக்க வேண்டும், சீட்டில் அல்ல. சிலர் கார்டில் வருடத்துக்கு இவ்வளவு செலவு பண்ணினால் வருடக் கட்டணம் கிடையாது என்று இருக்கும், அது இதிலேயே கழிந்துவிடும், அதுதான் உண்மையான லாபம். கையிருப்பை முழுக்கத் துடைத்துக் கொடுக்காதீர்கள், 50,000-ஆவது வையுங்கள். மீதிக்கு லோன். சீட்டு வந்ததும் லோனில் ஒரு பகுதியை அடையுங்கள். முன்கூட்டி அடைத்தால் கட்டணம் உண்டா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள். ப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கும் வட்டி என்றால், தனி ஆள் சொந்தத் தேவைக்கு எடுத்த கடனுக்கு வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, பிக்சட், அதாவது மாறாத வட்டி என்றால் பேங்குக்கு பேங்க் மாறும்.

லோன் முடிந்ததும் பேங்கில் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) பாரம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் ஹெச்பி, அதாவது ஆர்சியில் இருக்கிற பேங்க் கடன் பதிவை, கேன்சல் பண்ண மறக்காதீர்கள். கடனை அடைத்து ஏழு வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போது ஆர்சியில் பேங்க் பெயர் அப்படியே இருக்கிறது என்று ஓடி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பில்லிங்_கவுண்டர்

ஐயா சொன்னதில் எனக்கு ஒரே ஒரு சேர்க்கை. கொட்டேஷனில் இன்சூரன்ஸ் 36,000 என்று இருக்கிறதே, அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், அது எங்கே எடுத்தாலும் ஒன்றுதான், சொந்த சேதத்துக்கான பகுதியில்தான் விலை மாறும். வெளியே இரண்டு இடத்தில் அதே கவருக்கு விலை கேட்டு அந்தத் தாளைக் காட்டிப் பேசுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள். கார்டு கட்டணத்தில் பேரம் பேசுவதைவிட இங்கே பேசினால் பலன் உண்டு. 12,600-ஐயும் உடைத்து எழுதித் தரச் சொல்லுங்கள், ஹேண்ட்லிங் என்று ஏதாவது இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள்.

ஒத்தக்கடைக்காரன்

தாமதமாக எழுதுவதற்கு மன்னியுங்கள், டெலிவரி முடிந்து இன்றைக்குத்தான் உட்கார நேரம் கிடைத்தது.

ஐயா சொன்னபடியே செய்தேன். வெளியே இன்சூரன்ஸ் விலை கேட்டுக்கொண்டு போனதில் ஷோரூம்காரர்கள் இன்சூரன்ஸில் 5,500 குறைத்தார்கள், உடைத்து எழுதச் சொன்னதும் 12,600-ல் ஹேண்ட்லிங் என்று இருந்த 4,500-ஐ அவர்களே அடித்துவிட்டார்கள். ஆன்ரோடு 9,20,000-க்கு வந்து நின்றது. கார்டில் புக்கிங்கோடு சேர்த்து சரியாக 1,00,000. ஆர்டிஜிஎஸ் 4,00,000. லோன் 4,20,000, வட்டி 9.1, சம்பளச் சீட்டு இல்லாததால் மூன்று வருட ஐடி ரிட்டர்ன் கேட்டார்கள், இருந்தது. மூன்று வருடத்துக்குப் போட்டிருக்கிறேன், சீட்டு வந்ததும் ஒரு பகுதியை அடைக்கிறேன், கட்டணம் எவ்வளவு என்று மேனேஜரிடம் மெயிலிலேயே வாங்கிவிட்டேன். பேங்கில் 1,50,000 இருக்கிறது, அதில் 1,00,000 கார்டு பில்லுக்கு என்று மனைவி அக்கவுண்டுக்கு மாற்றிவிட்டேன், என் கண்ணில் பட வேண்டாம் என்று. ஸ்டேட்மெண்ட் தேதி 18, நான் 20-ம் தேதி தேய்த்தேன். முதல் நாளே பேங்குக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்தேன், மெஷினில் பின் நம்பர் போட்டதும் ஒரே தடவையில் சீட்டு வந்தது, ஆனாலும் அந்த நாலைந்து விநாடி பில்லிங் கவுண்டர் அண்ணன் சொன்ன பெரியவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை நேரே பாண்டி கோயிலுக்கு விட்டோம். அம்மா முன் சீட்டில். இறங்கும்போது கதவைப் பிடித்து மெதுவாகக் காலைத் தரையில் ஊன்றி, பரவாயில்லைடா, பஸ் படி மாதிரி உயரமில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறோம், மீனாட்சி அக்கா, உசிலம்பட்டி வழியாகத்தான்.